ஒற்றை ஜன்னல்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, எங்கள் நமீபியாவில் நங்குலா தானே கார் ஓட்டி எத்தோஷா சரணாலயத்துக்குப் போன கதையைச் சொல்கிறேன்.

பின்சீட்டில் ஒரு ஜன்னலைக் கூடார மூட்டை அடைத்திருந்தது. மிச்சமிருந்த ஜன்னலுக்கு இருவர் சண்டை.

"நங்குலா, அவ கிள்ளுறா!"

"காலையிலேருந்து எனக்கு ஜன்னலே தரலை!"

"இன்னொரு சத்தம் வந்துச்சு, வண்டியை வீட்டுக்கே திருப்பிடுவேன். யானையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

இருவரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். அந்நேரம் பாதையோரம் ஒரு யானை வந்து வெள்ளைப் புழுதியை வாரித் தன் தலையில் கொட்டிக்கொண்டது. ஜன்னலோரம் இருந்த ஆள் தலையை வெளியே நீட்டி ஒரே சிரிப்பு. ஏதோ தொப்பென்று பாதையில் விழுந்தது.

"ஐயோ, என் பல் செட்டு!"

"அப்பா! சிங்கம் திரியிற இடம், இறங்கக் கூடாது!" என்று கத்தினாள் நங்குலா.

"ராத்திரி சுடப்போற இறைச்சியை எப்படிம்மா மெல்லுவேன்?"

யானை நகர்ந்து போனது. பக்கத்தில் இருந்த நங்குலாவின் அம்மா இறைச்சி புரட்டும் நீள இடுக்கியை எடுத்தாள். அப்பாவின் மடிமேல் சாய்ந்து, கதவை லேசாகத் திறந்து, பல் செட்டைக் கவ்வித் தூக்கினாள். ஆனால் கொடுக்கவில்லை.

"முதல்ல சொல்லுங்க. இனிமே ஜன்னல் யாருக்கு?"

"உனக்குத்தான் தாயே!"

உங்கள் வீட்டிலும் வாய் நிறையச் சிரிப்பும், சிரிக்கப் பல்லும் என்றும் நிலைக்கட்டும்!