மூன்றாவது பெயர்

வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்ததும், குடியிருப்புக்குச் சான்று தேடித் தையற்காரி நூலகத்தின் அரசு ஆவணப் பிரிவுக்குப் போனாள். நூலகர் போன மாதம் அச்சான வாக்காளர் பட்டியலை எடுத்து, அவள் வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்தார்.

"மூணு பேரும்மா. நீங்க, உங்க வீட்டுக்காரர், உங்க பொண்ணு."

அவள் குனிந்து மூன்றாவது பெயரைப் படித்தாள். மகள் பிறந்து இரண்டே நாள்தான் உயிரோடு இருந்தாள். பதினெட்டு வருடமாகிறது. அந்தப் பெயரைக் கணவனும் மனைவியும் வெளியே ஒருவரிடமும் சொன்னதில்லை.

"தப்புன்னா சொல்லுங்க, நீக்கச் சொல்லி எழுதிடலாம்."

"வேண்டாம் சார், இருக்கட்டும்," என்றாள்.

பெயருக்குப் பக்கத்துப் படத்தில், கணவனின் அதே அகன்ற நெற்றியோடு ஒரு பெண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் தெரிந்தது, தையற்காரி இன்று காலையில் தைத்து மாட்டிய ஜன்னல் திரை.