நூற்று எண்பதாவது கிலோமீட்டர்

லுக்குட் ஊரின் செம்பனைத் தோட்டத்துக்குள்ளிருந்து கடைசி சைக்கிள் மாலை வெயிலில் வெளியே வருகிறது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டியில் சைக்கிளுக்கான நேரம் முடிய நாலே நிமிடம். காலையில் கடலில் நீந்தி, பிறகு நூற்று எண்பது கிலோமீட்டர் மிதித்த பல் டாக்டர் தர்மினி, சப்பாத்துகளைப் பெடலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு சுடும் தாரில் இறங்குகிறாள். தண்ணீர் கொடுக்க நிற்கும் தோட்டத்துக் கோமளா மெதுவாகக் கேட்கிறார், "முடிஞ்சிருச்சா தங்கச்சி?"

"ஓட்டம் மட்டும்தான்லா பாக்கி, அக்கா. நாப்பத்திரெண்டு கிலோமீட்டர்."

நீட்டிய போத்தலைக் கோமளா இழுத்துக்கொள்கிறார். தைப்பூசத்தில் காவடி வரும்போது செய்வதுபோலக் குனிந்து, அந்தப் பாதங்களில் ஊற்றுகிறார். தர்மினி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாள். தாரில் ஈரத் தடங்கள் ஒவ்வொன்றாகக் காய்கின்றன. கடைசித் தடம் மறையும்வரை கோமளா செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்.