வலைக்கூடத்து வண்டு

பல் குத்தும் குச்சியால் அவள் பூவின் நடுவைத் தொட்டாள்.

உள்ளங்கை அகலப் பூ. பழுத்த நாரத்தை நிறம், அடியில் மட்டும் கறுஞ்சிவப்பு. நடுவே விரல்நுனி அளவுக்கு ஒரு தூண். அதன் தலையில் இருந்த தொப்பியைக் குச்சியால் மெல்லத் தள்ளினாள். தொப்பி கழன்றது. மஞ்சள் மகரந்தம் இரண்டு மணிகளாக ஒட்டிக்கொண்டு வந்தது.

அதே தூணின் அடியில் பசை மினுங்கும் ஒரு குழி. மணிகளை அதில் வைத்து அழுத்தினாள்.

அவ்வளவுதான் வேலை.

ஆர்க்கிட் பூ வண்டுக்காகத்தான் விரிந்து காத்திருக்கும். மகரந்தம் சேர்ந்துவிட்டால் அதன் பிறகு யாருக்கும் அழகு காட்ட வேண்டியதில்லை. விடிவதற்குள் சுருங்கித் தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

விடிந்ததும் திருமதி லொயாசா வருகிறார்.

வரட்டும்.

இந்தச் செடிக்கு இன்னும் பெயர் கிடையாது. ஈக்வடாரின் இந்த மலைக்காட்டைத் தவிர வேறெங்கும் யாரும் கண்டதில்லை. பூவை வெட்டி, இதழ் இதழாகப் பிரித்து, அளந்து, வரைந்து, அச்சில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் உலகம் அதற்கு ஒரு பெயரை ஒப்புக்கொள்ளும்.

முதலில் கண்டவன் அவள் கணவன். ரிகோபெர்த்தோ. அவளைப் போலவே இந்த ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவன். மரத்தின் உச்சிக் கிளையில் பார்த்தான். ஏறினான். செடியைப் பறித்துத் தோள்பையில் வைத்துக்கொண்டான். இறங்கும்போது கயிறு அறுந்தது.

செடி பிழைத்துக்கொண்டது. அதிலிருந்த பூக்கள் அவன் உடம்புக்கு அடியில் நசுங்கிப் போயின.

சவப்பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நிலையத்தை நடத்தும் பேராசிரியர் சல்செதோ வாக்குக் கொடுத்தார். இந்தப் பூ ரிகோபெர்த்தோ பெயரில்தான் வெளிவரும் என்றார். ஊரே கேட்டது.

அவளும் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் செடியைக் காப்பாற்றினாள். மழையில் நனையாமல், வெயிலில் வாடாமல், பூச்சி அண்டாமல். அது மறுபடி பூக்க இத்தனை காலம் பிடித்தது. பூத்ததும் ஒன்றே ஒன்று.

போன வாரம் பேராசிரியர் பெயரை மாற்றிவிட்டார்.

இறால் பண்ணை வைத்திருக்கும் லொயாசா குடும்பம் புது ஆய்வுக்கூடம் கட்டித் தருகிறதாம். அதனால் பூவுக்கு அந்த அம்மாள் பெயர்.

“ரிகோபெர்த்தோவுக்கு வேற ஒண்ணு கிடைக்காமலா போயிடும்” என்று வாய் கூசாமல் சொன்னார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மலர்ந்த அன்றே வெட்டி, கெடாமலிருக்கச் சாராயத்தில் போட்டிருக்க வேண்டிய பூ. செடியிலேயே இருக்கட்டும், அந்த அம்மாள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர்தான் நிறுத்தி வைத்தார்.

அந்த ஆசைதான் அவளுக்கு வழி காட்டியது.

காலையில் பூ ஈரத்துணிபோலத் தொங்கியது. அளக்கவும் ஆகாது, வரையவும் ஆகாது.

பேராசிரியர் புதுச்சட்டையில் வந்தார். பின்னால் படமெடுக்க ஒருவன். இரவல் வாங்கிய ரப்பர் செருப்பு பெரிதாகிப் போனதால் தடுக்கித் தடுக்கி நடந்து வந்தார் திருமதி லொயாசா. எதிரில் வந்த எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னார். கெட்ட மனுஷியாகத் தெரியவில்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பேராசிரியர் பூவைப் பார்த்து நின்றுவிட்டார்.

பிறகு குனிந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். குழிக்குள் மஞ்சள் தெரிந்திருக்கும். தொப்பி இல்லாததும் தெரிந்திருக்கும். வாழ்நாள் முழுக்க ஆர்க்கிட் பார்த்த மனிதர். கொசு நுழைய முடியாத வலைக்கூடம் இது என்பதும் அவருக்குத் தெரியும்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவளும் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

இந்த முகத்தைப் பார்க்கத்தான் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள். வெளிறிப்போன முகம். பார்க்க இனிப்பாகத்தான் இருந்தது. இனி அடுத்த பூவுக்கு எத்தனை வருடம் காத்திருப்பாரோ, காத்திருக்கட்டும். அவருக்குத் தெரியும், தனக்குத் தெரியும், அது போதும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

பேராசிரியர் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த அம்மாளின் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“வலையில எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கு. வண்டு புகுந்திருச்சு.”

ரிகோபெர்த்தோவின் பூவைப் போலவே, அவள் செய்த இதையும் தூக்கி ஒரு வண்டுக்குக் கொடுத்துவிட்டார்.

“வண்டு இல்லீங்க” என்றாள் அவள். “நான் செஞ்சது.”

படமெடுக்க வந்தவன் கேமராவைத் தாழ்த்தினான். பேராசிரியர் அவள் முழங்கையைப் பிடித்து அவசரமாக ஏதோ முணுமுணுத்தார். அவள் கையை உதறிக்கொண்டாள்.

திருமதி லொயாசா பூவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“ஏம்மா, அப்படி என்ன கோபம் உனக்கு இந்தப் பூ மேல?”

அவள் மூலையிலிருந்த முக்காலியை இழுத்துத் துடைத்து அவர் முன்னால் போட்டாள்.

“பூ மேல இல்லம்மா. உக்காருங்க, சொல்றேன்.”

வலைக்கூடத்தில் இருந்தது அந்த ஒரு முக்காலிதான். பேராசிரியர் நின்றுகொண்டே கேட்க வேண்டியிருந்தது.