மேல் பல்

மொட்டைத் தலையோடு கதவைத் திறந்த அண்ணன் தருமனைப் பார்த்ததும் சுபத்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உசுருக்குப் பயந்து திருப்பதிக்கே போய்ட்டு வந்துட்டியாண்ணா? ஒரு துண்டு லட்டு கூட எங்களுக்குக் குடுத்தனுப்பல?”

அவள் இடுப்பிலிருந்த மூன்று வயது மகள் நிலா, “மாமா!” என்று தாவினாள். தருமன் சட்டென்று பின்வாங்கினான்.

குழந்தைக்கு மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். நிலாவுக்கு அப்படித்தான் முளைத்தது. அதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிட்டு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆரணி பஜாரெல்லாம் சுற்றியவன், இந்த ஆறு மாதமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊர்ப்பேச்சு கடைசியில் அவனையும் பிடித்துவிட்டதே என்று சுபத்ரா நொந்துபோயிருந்தாள்.

நிலாவின் பல் எக்ஸ்ரேவை எடுத்து நீட்டினாள். “வேலூர்ல பல் டாக்டருகிட்ட காட்டினேன். இவளுக்குக் கீழ முன்பல்லு உள்ளயே இல்லியாம். மேல ஒண்ணு அதிகமா இருக்காம். சில புள்ளைங்களுக்கு ரெண்டும் சேந்தே வருமாம். இல்லாத பல்லு எப்படிண்ணா முதல்ல மொளைக்கும்?”

தருமன் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

“டாக்டரு சொல்றது சரிதான்.”

“அப்ப வெள்ளிக்கிழம தேவிகாபுரம் கோயிலுக்கு வா. உன் மடியில வெச்சுதான் காது குத்தணும்.”

“வரமாட்டேன். பட்டுப்பாவாட நெய்து வெச்சிருக்கேன், எடுத்துகினு போ. யாரு குடுத்ததுன்னு சொல்லாத. கேட்டா, அண்ணன் உறவே அத்துப்போச்சுன்னு சொல்லு.”

சுபத்ரா உடைந்து அழுதாள். “மாமனுக்கு ஆகாத பொண்ணுன்னு தெருவே இவளப் பேசிகினு இருக்கு. நீயே ஒதுக்கினா இவள யாருண்ணா சேத்துக்குவாங்க? உனக்கு உன் உசுருதான் பெருசா?”

இடுப்பிலிருந்து நழுவி இறங்கிய நிலா, மாமன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவன் குனிந்து அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

“எனக்கு கேன்சரு, சுபா. இவள மடியில வெச்ச கையோட நான் போய்ட்டா, ஊரு இவளத்தான சொல்லும்?”