நாலு இடத்தில் வித்தியாசம்

காலையில் துரைசாமி அளந்து எழுதிய சுவரை மத்தியானம் ரஞ்சனா மறுபடி அளந்துகொண்டிருந்தாள்.

லேக் கார்டன்ஸில் எழும்பிக்கொண்டிருந்த நாலு மாடிக் கட்டடம். டேப்பின் ஒரு முனையைக் கொத்தனார் பிடித்திருக்க, மறுமுனையோடு அவள் ஏணியில் நின்றாள்.

"என்ன மேடம், இன்னிக்கு எத்தனை ஓட்டை கண்டுபிடிச்சீங்க?" என்றார் துரைசாமி கீழே இருந்து.

"இன்னும் முடியலை, காக்கு."

அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் கல்கத்தா. அதனால் தமிழ்ப் பெரியவரையும் வங்காளிகள் சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிடுவாள். அவள் இறங்கி வந்து நோட்டில் எழுத, துரைசாமி எட்டிப் பார்த்தார். அவள் சட்டென்று மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். கொத்தனார் சிரிப்பை அடக்கினார்.

இன்று நேற்றல்ல, மூன்று வருஷமாக இதே கூத்து. கட்டிய சுவர் எவ்வளவு, பூசிய பூச்சு எவ்வளவு என்று அளந்து எழுதுவது துரைசாமியின் வேலை. முப்பத்தைந்து வருஷ அனுபவம். ரஞ்சனா லைசென்ஸ் வாங்கிய சர்வேயர். அவர் எழுதிய அளவுக்குக் கீழே மாசக் கடைசியில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. மற்ற சர்வேயர்கள் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்தே கையெழுத்துப் போடுவார்கள். இவள் மட்டும் ஏணி ஏறினாள்.

துரைசாமி எதையும் மறக்கிறவர் இல்லை. எழுபத்தொன்றில் டாக்குரியா ஸ்டேஷனில் தன் குடையை மிதித்தவன் முகம்கூட அவருக்கு ஞாபகம் இருந்தது. துர்கா பூஜை முடிந்து விஜயதசமிக்கு ரஞ்சனா தேங்காய் உருண்டையோடு வந்து வணங்கக் குனிந்தபோது, காலை இழுத்துக்கொண்டார்.

"அவ ஏன் மறுபடி அளக்கிறான்னு நேரா கேட்டுத் தொலைங்களேன்" என்றாள் மனைவி ராஜம்.

"நானா? நான் டேப் பிடிச்சப்போ அவ பிறக்கவே இல்லை. அவகிட்டப் போய் நான் கேக்கணுமா?"

"அப்போ புலம்பாம சாப்பிடுங்க."

புலம்பக் காரணம் இருந்தது. வருகிற ஏப்ரலிலிருந்து அளக்கிறவனுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று அரசாங்கத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்று வருஷம் தவணை கொடுத்திருந்தார்கள். அது முடியப்போகிறது. லைசென்ஸ் இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். படித்தவர்களுக்குப் பரீட்சை. படிக்காதவர்களுக்கு நேரில் விசாரணை.

விசாரணை நாளன்று லைசென்ஸ் அலுவலக பெஞ்சில் ரஞ்சனா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆறு தடித்த நோட்டுகள்.

துரைசாமி அவள் எதிரில் போய் நின்றார். "சாட்சி சொல்ல வந்தாச்சா? ரொம்பச் சந்தோஷம், மேடம்."

அவள் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

அதிகாரி சிவராமகிருஷ்ணன் இரண்டு பேரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். தமிழர் என்பதில் துரைசாமிக்குக் கொஞ்சம் தைரியம்.

"படிப்பு?"

"நாலாங்கிளாஸ் சார். தமிழ்ல. ஆனா நம்பர் எந்த பாஷையிலும் எழுதுவேன்."

அதிகாரி சிரிக்கவில்லை. துரைசாமியின் நோட்டுகளை இடதுபக்கமும் ரஞ்சனாவின் நோட்டுகளை வலதுபக்கமும் விரித்து வைத்தார்.

"இவங்க நோட்டை எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

அதுவரை அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டது. "காட்டினாத்தானே சார் பார்க்க முடியும்? மூணு வருஷமா ஒளிச்சே வச்சாங்க. நான் அளந்ததையெல்லாம் பின்னாடியே வந்து அளப்பாங்க. ஊரே சிரிச்சுது."

"நல்லதாப் போச்சு. பார்த்திருந்தா உங்களுக்கு லைசென்ஸ் கிடையாது."

"சார்?"

"படிக்காதவர் லைசென்ஸ் வாங்க ஒரே வழிதான் இருக்கு. அவர் அளந்ததை லைசென்ஸ் உள்ள ஒருத்தர் மூணு வருஷம் தனியா அளந்து எழுதியிருக்கணும். ஒருத்தர் நோட்டை ஒருத்தர் பார்க்கக் கூடாது. ரெண்டும் ஒத்துப்போகணும். விதி வந்து மூணு வருஷம் ஆச்சு, இப்படி நோட்டோட வந்த முதல் ஆள் நீங்கதான். யார் சார் ஏணி ஏறுவா?"

துரைசாமியால் ரஞ்சனாவைப் பார்க்க முடியவில்லை.

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். "மொத்தம் எண்ணூத்துப் பன்னிரண்டு அளவு. மாசக் கடைசியில கம்பெனி ஆபீஸ்ல ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. நாலு இடத்துல வித்தியாசம் இருக்கு."

துரைசாமி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். படிக்காதவனைத் தள்ளிவிட நாலு தப்பு எதற்கு? ஒன்றே போதும்.

"என் கண்ணு முன்ன மாதிரி இல்லை சார்" என்றார் மெதுவாக. "மூணாவது மாடிப் படிக்கட்டோட அடிப்பூச்சா? அது வளைஞ்சு போகும்..."

"இருங்க. இங்கிலீஷ்ல எழுதியிருக்கு, படிச்சுச் சொல்றேன்." அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "'மறுபடி போய் அளந்தேன். துரைசாமியின் அளவே சரி. தவறு என்னுடையது.' கீழே கையெழுத்து, லைசென்ஸ் நம்பர். நாலு இடத்திலும் இதேதான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி ரஞ்சனாவைப் பார்த்தார்.

"ஏம்மா, அடுத்த மாசம் உங்க லைசென்ஸ் புதுப்பிக்க வருதே. உங்க தப்பை நீங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க. என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார்" என்றாள் ரஞ்சனா. "ஆனா அவர் அளவுதானே சரியா இருந்துது?"