பக்கத்து இருக்கை

படத்தில் வந்த பழைய வேன் ஜார்ஜ்டவுன் திரையரங்க வாசலில் நின்றது. மாலைக் காட்சிக்குள் அதைப் புக்கிட் மெர்தாஜாம் திரையரங்குக்குக் கொண்டுபோக வேண்டும். டிரைவருக்குக் காய்ச்சல். இயக்குநர் சிவநேசனிடம் இருந்தது ஆட்டோமேட்டிக் வண்டிக்கான லைசென்ஸ், வேனோ கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றும் மேனுவல். சாவியும் கையுமாக விழித்தார்.

படத்துக்கு மூலமான நாவலை ஏழெட்டு முறை படித்திருந்த கதாநாயகி தர்ஷினி அவரை விடவில்லை.

"என்னண்ணே படம் இது? நாவல்ல ஜொகூர் வரைக்கும் கதாநாயகிதானே வேனை ஓட்டுறா! புருசன் பக்கத்துல உட்கார்ந்து வழி சொல்லுவான். படத்துல அவன் ஓட்டுறான், அவ தூங்கிக்கிட்டே வர்றா. அப்புறம் கதையில என்ன மிச்சம்?"

"மேனுவல் வேன்மா. ஒரு பொம்பளை ஓட்டுறான்னா யாரு நம்புவா?"

"ஓட்டத் தெரியுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"யார்கிட்ட?"

"என்கிட்டதான்! படம் முழுக்கத் தூங்க வச்சீங்களே, அந்தக் கதாநாயகிகிட்ட!"

சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

"அப்பா பாசாருக்குக் காய்கறி ஏத்திப்போற வேனை நான்தான் தினம் ஓட்டுறேன்லா. கிளட்சை முழுசா மிதிச்சு, கியரைப் போட்டு, மெதுவா விட்டா வண்டி நகரும். அவ்வளவுதான். ஏறுங்கண்ணே, நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து வழி சொல்லுங்க."