பிரிக்காத கவர்

“நாளைக்கு நான் பரீட்சைக்குப் போகலைங்க. அலாரமெல்லாம் வைக்க வேண்டாம்.”

மறுநாள் அவள் உடுத்த வேண்டியதற்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். கூரியர் ஆபீசில் பகலெல்லாம் பார்சல் கட்டிவிட்டு வந்தவன். சண்டை போடத் தெம்பில்லை.

“ஏன் வக்கீலம்மா?”

“அப்படிக் கூப்பிடாதீங்க. எரிச்சலா வருது.”

அவளுக்கு வேலை கோர்ட்டில். வக்கீல்கள் பேசுவதையெல்லாம் டைப் அடிக்க வேண்டும். ‘இதுக்கு நானே நல்லா பேசுவேனே’ என்று என்றோ ஒருநாள் தோன்றித் தொலைத்தது. அதோடு போயிற்று நிம்மதி. போன வருஷம் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு உட்கார்ந்தாள். கையில் கிடைத்த மாதிரித் தேர்வுகளை எல்லாம் அதற்கு முன்பே மளமளவென்று எழுதித் தீர்த்திருந்தாள். எங்கே தப்பு, ஏன் தப்பு என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பரீட்சை ஹாலில் புதுக் கேள்விகளைக் கண்டதும் கை வெடவெடவென நடுங்க, கோட்டை விட்டுவிட்டு வந்தாள்.

இந்த வருஷம் புதிதாக வெளியான மாதிரித் தேர்வுகள் நாலே நாலு. அவற்றை ஒரு கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் குறுக்காகக் கையெழுத்தும் போட்டு, அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டாள்.

“நல்லா தயாரானப்புறம்தான் இதைப் பிரிப்பேன். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணா பழசையே மறுபடி எழுதறேன். விடைக்கு நான் பென்சில்ல போட்ட டிக்கையெல்லாம் அழிச்சு, மார்க் இருக்கிற முதல் பக்கத்தைக் கிழிச்சுட்டு நீங்கதான் எடுத்துத் தரணும். திருத்தறதும் நீங்கதான்” என்று கணவனுக்கு உத்தரவு.

அவனும் தட்டாமல் செய்தான். பரீட்சைக்கு மிச்சமிருந்த நாலு ஞாயிறும் காலையில் ரப்பர் தூளை ஊதிவிட்டு ஒரு பேப்பரை நீட்டுவான். அவள் எழுதுவாள். அவன் திருத்துவான். தப்பான ஒவ்வொரு கேள்வியோடும் அவள் சாயங்காலம்வரை மல்லுக்கட்டுவாள்.

“மார்க்தான் நல்லா வருதே! போன வாரம் தொண்ணூறு தாண்டலையா?” என்றான், இஸ்திரி போட்டபடியே.

“பழசுல தொண்ணூறு வந்தா என்ன, நூறு வந்தா என்ன? ஏற்கெனவே பார்த்த கேள்விங்க.”

“ஒண்ணுகூட ஞாபகம் இல்லைன்னு நீதானே சொன்னே?”

“மண்டைக்கு ஞாபகம் இல்ல. விரலுக்கு இருக்கும். டைப் அடிக்கிறவ நான், எனக்குத் தெரியாதா? எந்த எழுத்து எங்க இருக்குன்னு கேட்டா முழிப்பேன். ஆனா விரல் தானா அங்க போயிடும். அதே மாதிரிதான் சரியான விடையிலயும் போய் நிக்குது.”

இப்படிப் பேசுகிறவளிடம் யார் வாதாடி ஜெயிக்க முடியும்? அவன் இஸ்திரிப் பெட்டியை அணைத்தான்.

“சரி, அந்தக் கவரைப் பிரி. விரலா மண்டையான்னு தெரிஞ்சுடும்.”

“ஐயோ, வேண்டாம்! அதுல மார்க் குறைஞ்சா நான் செத்தேன்.”

“பரீட்சை நாளைக்கு. இனி எப்பப் பிரிக்கப் போறே? ரிட்டயர் ஆனப்புறமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பயமா இருக்குங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா, காலம் பூரா அடுத்தவங்க பேசறதைத்தான் டைப் அடிச்சுக்கிட்டு இருப்பேன். போகாமலே இருந்துட்டா, போயிருந்தா ஜெயிச்சிருப்பேன்னாவது சொல்லிக்கலாம்.”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கவரை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

“பிரிச்சுப் பாரு. அதுக்கப்புறமும் போகலைன்னு சொன்னா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

அவள் கவரைத் திருப்பிப் பார்த்தாள். கையெழுத்து போட்டது போட்டபடி இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிழித்தாள்.

“பாருங்க, இப்பவே நடுங்குது.”

உள்ளே இருந்ததை உருவியவள் திகைத்துப்போனாள். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் நாற்பத்தொன்று. போன வருஷத்து மார்க். புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அவள் பென்சிலால் போட்ட டிக். அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி.

“என்னங்க இது, எல்லாம் பழசு! கையெழுத்து அப்படியே இருக்கே, எப்படி?”

“நீ மேல் பக்கத்துலதானே கையெழுத்து போட்டே? அடிப்பக்கத்தைப் பிரிச்சு ஒட்டினேன். கவர் ஒட்டறதுதானேம்மா என் பொழப்பே!”

“விளையாடாதீங்க! புதுசெல்லாம் எங்க? ஒண்ணைக்கூட எழுதிப் பார்க்காம நாளைக்கு நான் எப்படி...” என்றவள், தான் பரீட்சைக்குப் போகப் போவதில்லை என்பதையே மறந்திருந்தாள்.

அவன் டிராயரிலிருந்து ரப்பரை எடுத்து வெறும் மேஜையில் தேய்த்தான். உதிர்ந்த தூளை உள்ளங்கையில் அள்ளி அவளிடம் காட்டினான்.

“உன் டிக் ஒண்ணைக்கூட நான் அழிக்கலை. இந்தத் தூளைத்தான் மேல தூவிக் கொடுத்தேன். புதுசு நாலையும் கை நடுங்காம நீ எழுதி முடிச்சாச்சு, வக்கீலம்மா.”

அவள், “அட, ஃபிராடு!” என்று கவராலேயே அவன் தலையில் ஒன்று போட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“சும்மா நிக்காம அலாரத்தை வைங்க!”